அரை நூல் கூடுதல்

ஜனவரி 6

அன்புள்ள சித்திக்கு,

பேருந்தில் ஏறும்போது, "நடக்கறதை நடந்தபடி எழுது, பண்டிதை. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்" என்று சொன்னீர்கள். ஆகவே எல்லாவற்றையும் உண்மையாக மட்டுமே எழுதுவேன் என்று இந்த முதல் கடிதத்திலேயே வாக்குக் கொடுக்கிறேன். எனக்குப் பிடிக்காததையும் புரியாததையும்கூட எழுதுவேன். பல வருடங்கள் கழித்து யாராவது எடுத்துப் படித்தாலும் விளங்க வேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் இதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு மூக்கு மட்டும் ஒழுகுகிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

இனி நடந்தது. பட்டறையில் அம்மா துணி வெட்டுவாள். அவள் வெட்டும் சதுரங்களை நீங்கள் மிஷினில் இணைத்து ஒட்டுப்போர்வைக்கு மேல்துணி ஆக்குவீர்கள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இப்படித்தான். போன மாதம் என் அழிப்பான் உங்கள் பைக்குள் விழுந்துவிட்டது என்று தேடினேன். உள்ளே ஒரு பொட்டலம் நிறையத் துணிக் கீற்றுகள், புல்லைப் போல மெல்லியவை. எல்லாம் அம்மா அந்த வாரம் வெட்டிய துணிகளின் நிறம். எனக்கு அதிசயமாக இருந்தது. மேசைமேல் கொட்டி, முதலாளியம்மாவும் நிற்கும்போதே, "சித்தி, அம்மா வெட்டினதை நீங்க ஏன் மறுபடி வெட்டறீங்க?" என்று கேட்டேன். தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டேன்.

அம்மாவின் முகம் எனக்கு மறக்காது. "என் வெட்டுக்கு நீ திருத்தம் போடறியா? உனக்கு ஊசியில நூல் கோக்கக் கத்துக் கொடுத்ததே நான்" என்றாள். முதலாளியம்மா, "நல்ல துணி இப்படிக் குப்பையா போகுது" என்று உங்களைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் கீற்றுகளை அள்ளி மறுபடி பொட்டலம் கட்டினீர்கள். அந்த வாரமே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை என்று கிளம்பிவிட்டீர்கள்.

"நுணல் தன் வாயால கெடும்பாங்க. இங்க நுணல் நல்லாத்தான் இருக்கு, கெட்டது வேற ஆளு" என்கிறார் பொத்தான் அக்கா. போர்வை உறைகளுக்குப் பொத்தான் வைத்து முடித்துவிட்டால் அவருக்கு அடுத்த வேலை நான்தான். உண்மையைக் கேட்டது தவறா, சித்தி? நீங்கள் ஏன் வெட்டினீர்கள் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

பதிலை எதிர்பார்க்கும்,
பண்டிதை


ஜனவரி 20

என் பண்டிதைக்கு,

முழங்கால் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வலியும் அதோடு இருக்கிறது. தண்ணீர் பரவாயில்லை. மூக்கு ஒழுகினால் வெந்நீர் குடி. புத்தகத்தில் துடைக்காதே.

இங்கே ஓர் அறையில் ஆறு பேர். என் கட்டில் கதவுக்குப் பின்னால், யார் உள்ளே வந்தாலும் என்னை இடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நாள் முழுக்கக் கிழிந்த படுக்கை விரிப்புகளை ஒட்டுப் போடுகிறேன். எல்லாமே வெள்ளை. சாயங்காலம் வெளியே வந்து ஒரு சிவப்பு வாளியைப் பார்த்தால் நின்று பார்க்கத் தோன்றுகிறது.

உண்மையைக் கேட்டது தவறில்லை. யார் காதில் விழும்படி கேட்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை, உன்மேல் குற்றமில்லை.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சில கேள்விகள் கேள். ஒவ்வொரு சதுரத்துக்கும் அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டுத்தான் வெட்டுகிறாளா, அல்லது வெட்டின சதுரத்தையே அடுத்ததன்மேல் வைத்து வெட்டுகிறாளா? மேசை விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? நான் வந்த பிறகு கடையிலிருந்து எத்தனை போர்வை திரும்பி வந்தது? என்ன சொல்கிறாளோ அப்படியே எழுது. முகம் எப்படி இருந்தது என்றும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும்.

சித்தி


பிப்ரவரி 3

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மூக்கு நின்றுவிட்டது. கதவு இடிக்காமல் தூங்குகிறீர்களா?

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். "நீயே படி. உன் குரல்ல கேட்டா நல்லா இருக்கு" என்றாள். பள்ளி அறிவிப்பு, ரேஷன் சீட்டு எல்லாவற்றையும் இப்போது நான்தான் வாசிக்கிறேன். என் உச்சரிப்பு முன்னேறியிருப்பது காரணமாக இருக்கலாம்.

அட்டையைப் பற்றிக் கேட்டதும், "இத்தனை வருஷம் வெட்டினவளுக்கு அட்டை எதுக்குன்னு எழுது" என்றாள். விளக்கைப் பற்றிக் கேட்டதும், "தலைக்கு மேலதான். வேற எங்க இருக்கும், காலுக்கு அடியிலயா?" என்றாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். என்னைப் பார்க்காமல் என் காதுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருக்கும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

ஒரு போர்வைகூடத் திரும்பவில்லை, சித்தி. உங்கள் மிஷினில் இப்போது முதலாளியம்மாவின் மருமகள் உட்காருகிறார். அவர் தைப்பதும் வரிசையாக வருகிறது. ஒரு விடுதிக்கு நாற்பது போர்வை கேட்டிருக்கிறார்கள். "உன் கை தங்கம்" என்று முதலாளியம்மா அம்மாவிடம் சொன்னார். அம்மா வெகுநேரம் சிரித்த முகமாக இருந்தாள்.

மற்றபடி வீட்டில் இரண்டு கண்ணாடித் தம்ளர் உடைந்தது. கதவு நிலையில் அம்மா தோளை இடித்துக்கொண்டாள். கட்டின தச்சனைத் திட்டினாள்.

ஒரு கேள்வி. ஒரு சதுரம் இருக்க வேண்டியதைவிட அரை நூல் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.) அதைச் சரிசெய்ய எந்த ஓரத்தை முதலில் வெட்ட வேண்டும்? நாலு பக்கமும் வெட்டினால் கோணலாகிவிடுகிறது. இது கணக்குப் பாடத்துக்காக.

அன்புடன்,
பண்டிதை


பிப்ரவரி 22

என் பண்டிதைக்கு,

நலம்தான். இருமல் கொஞ்சம். சலவைத்தூள் காற்றில் இருக்கிறது.

ஒன்றுகூடவா திரும்பவில்லை? நன்றாக விசாரித்துவிட்டுத்தான் எழுதினாயா? முதலாளியம்மா மறைக்கிறாரா என்று பொத்தான் அக்காவைக் கேள். அவர் வாயில் எதுவும் தங்காது.

சதுரம் பற்றிக் கேட்டாய். நாலு பக்கமும் வெட்டவே கூடாது. முதலில் ஒரு பக்கத்தின் நூலிழை நேராக ஓடுகிறதா என்று பார். அந்தப் பக்கத்தைத் தொடாதே, அதுதான் உனக்கு ஆதாரம். ஸ்கேலின் விளிம்பை அதோடு சேர்த்து வைத்து, எதிர்ப் பக்கத்தில் அளந்து கழி. பிறகு துணியைக் கால் திருப்பு திருப்பி, மூலை மட்டத்தில் மற்ற இரண்டில் ஒன்றை மட்டும் கழி. இரண்டே வெட்டு. துணியை இழுத்துப் பிடிக்காதே, விட்டதும் சுருங்கி உன்னை ஏமாற்றும். அரை நூல்தானே என்று விடவும் கூடாது. வரிசைக்குப் பதினாறு சதுரம். எல்லாம் அரை நூல் கூடினால் வரிசை முழுசாக ஓர் அங்குலம் நீளும். அடித்துணி அளவாக இருக்கும், மேல்துணி அலையலையாக எழும்பும். கடைக்காரன் தரையில் விரித்த நிமிஷமே கண்டுபிடிப்பான்.

அது சரி, உங்கள் கணக்கு வாத்தியார் எப்போதிலிருந்து துணி வெட்டச் சொல்லித் தருகிறார்?

அம்மாவிடம் சொல்: சந்தைக்குப் பின்னால் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு டாக்டரம்மா உட்காருகிறாராம். என்னோடு வேலை செய்பவளின் அத்தை அங்கே போய் வந்து இப்போது பேப்பர் படிக்கிறாளாம். சும்மா ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல். ஊசியில் நூல் கோப்பது யார் என்றும் கேட்டு எழுது.

சித்தி


மார்ச் 10

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் இருமல் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. வாயில் துணி கட்டிக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. ("என் பேரைச் சொல்லாதே, நீயே சொல்ற மாதிரி எழுது" என்றாள். கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதால் இரண்டையும் எழுதிவிட்டேன்.)

பொத்தான் அக்காவைக் கேட்டேன். "திரும்பி வந்தா நான் தண்டோரா போட்டிருக்க மாட்டேனா? ஒண்ணும் வரலை. உங்கம்மாவுக்கு இப்போ கையே கண்ணு" என்றார். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "கையே கண்ணுன்னு சொன்னா பாரு" என்றாள்.

கண்ணாடிக் கடை வரியைப் படித்ததும், "இந்த வயசுல கண்ணாடி மாட்டி யாரை மயக்கணும்?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அந்த வரியை இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். "உன் சித்தி பெரிய சூரி. அங்க உக்காந்துக்கிட்டு இங்க குத்தறா" என்றாள். நீங்கள் குத்தியது எது என்று எனக்குத் தெரியவில்லை.

நூல் கோப்பது நான்தான். காலையில் பள்ளிக்குப் போகும் முன் பத்துப் பன்னிரண்டு ஊசியில் அம்மாவின் கைத்தையலுக்கு நூல் கோத்து, ஊசி மெத்தையில் குத்தி வைத்துவிட்டுப் போகிறேன். அம்மாவுக்கு நேரம் மிச்சமாகிறது.

பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்குப் போய்ப் பின்னறையில் வீட்டுப்பாடம் செய்கிறேன். மாதத் தேர்வு மதிப்பெண் குறைந்துவிட்டது, கணக்கில்கூட. கட்டைவிரலின் அடியில் ஒரு கொப்புளம் வந்து உடைந்து மறுபடி வந்திருக்கிறது. காம்பஸ் பிடித்துப் பிடித்து வந்தது. அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

வெட்டும் முறையை எழுதியதற்கு நன்றி. இப்போது கோணல் வருவதில்லை. பாடத்தில்.

அன்புடன்,
பண்டிதை


மார்ச் 28
(பள்ளி முகவரிக்கு)

கண்ணே,

இதை அம்மாவுக்குப் படிக்காதே. அதற்காகத்தான் பள்ளிக்கு அனுப்புகிறேன்.

காம்பஸ் பிடிப்பவளுக்கு விரல் நுனியில்தான் வலிக்கும். கட்டைவிரலின் அடியில் கொப்புளம் வருவது துணிக் கத்தரி பிடிப்பவளுக்கு. எனக்கு அதே இடத்தில் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதுவேன் என்றாய், இதை மட்டும் எழுதவில்லை. பின்னறையில் உட்கார்ந்து அம்மா வெட்டிய சதுரங்களை நீ திருத்துகிறாய். இல்லையா?

ஏன் எழுதவில்லை என்றும் புரிகிறது. இதே காரியத்துக்காகத்தான் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாய்.

இப்போது நான் எழுதாததை எழுதுகிறேன். அம்மாவின் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. எனக்குப் போன மழைக்காலத்திலேயே தெரியும். சாக்குக்கட்டிக் கோடு அவளுக்குத் தெரியவில்லை. அதனால் அட்டையை விட்டுவிட்டாள். வெட்டின சதுரத்தை அடுத்த துணிமேல் வைத்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து வெட்டுகிறாள். மேலே இருப்பதைக் கத்தரி கடித்துவிடக் கூடாதே என்று ஒரு மயிரிழை தள்ளி வெட்டுவாள். அப்படி வெட்டினது அதற்கடுத்ததற்கு அளவாகும். போகப்போகப் பெருத்துக்கொண்டே வரும். நான் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் அவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் சத்தமில்லாமல் ஓரம் கழித்துக்கொண்டிருந்தேன்.

நீ அந்தக் கீற்றுகளைக் கொட்டினாயே, அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் திருத்தத் திருத்த அவளுக்குத் தன் கண் போவது தெரியவே போவதில்லை. கோபித்துக்கொண்டு வரவில்லை, கண்ணே. நான் இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் போர்வைகள் திரும்பி வரும், அவளே பயந்து டாக்டரிடம் போவாள் என்று நினைத்துத்தான் வந்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றியது.

நாளைக்கே திருத்துவதை நிறுத்து. அம்மாவை அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போ. போன பார்வை திரும்பாத வியாதியாகவும் இருக்கலாம் என்று இங்கே ஒரு நர்ஸ் சொன்னாள். உடனே பதில் எழுது.

சித்தி


ஏப்ரல் 19

அன்புள்ள சித்திக்கு,

என் முன் கடிதம் கிடைத்ததா? நீங்கள் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததே இல்லை. இருமல் அதிகமாகிவிட்டதா என்று பயமாக இருக்கிறது. தபால்காரர் தெருவுக்குள் வந்தால் அம்மா மணிச் சத்தத்துக்கே எழுந்து வாசலுக்குப் போகிறாள். நான் பார்த்தால், "காத்து வாங்க வந்தேன்" என்கிறாள்.

மார்ச் கடைசி வாரம் பரீட்சை முடிந்தது. அன்றோடு பள்ளி மூடிவிட்டார்கள். ஜூனில்தான் திறப்பார்கள். விடுமுறை என்பதால் நாள் முழுவதும் பட்டறையில் இருக்கிறேன். நாற்பது போர்வையில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒன்றும் திரும்பவில்லை.

நேற்று அம்மா கத்தரியால் இடதுகை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டாள். நகத்தின் ஓரம் போய்விட்டது. வெள்ளைச் சதுரம் ஒன்றில் ரத்தம். அவள் அதைக் கவனிக்காமல் அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். நான் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலசினேன். "யோசனையில இருந்துட்டேன்" என்றாள். அவள் வெட்டும்போது யோசனை செய்து நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு வரியாவது எழுதுங்கள்.

பண்டிதை


மே 3
(அஞ்சலட்டை)

பண்டிதைக்கு, நான் நலம். அக்காவின் விரல் எப்படி இருக்கிறது? பள்ளி திறக்கும் அன்றே அலுவலகத்தில் உனக்குத் தபால் இருக்கிறதா என்று கேள். முன்னாலேயே யாராவது கதவு திறந்தால் அப்போதே கேள். மறக்காதே. அக்காவை வெயிலில் அலையவிடாதே. சந்தைப் பக்கம் மட்டும் ஒருமுறை கூட்டிப் போ. சித்தி.


ஜூன் 14

சித்திக்கு,

நாங்கள் நலம் என்று எழுத முடியாது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

மே மாதத்தில் இரண்டு தடவை பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. சந்தைப் பக்கம் போகலாம் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "அட்டையில எழுதினா மட்டும் போயிடுவேனா" என்று சொல்லிவிட்டாள். பள்ளி திறந்த காலை உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்தார்கள். மேலே ஒரு புழு ஊர்ந்த தடம் இருந்தது. நடைபாதையில் நின்று படித்தேன். மணி அடித்தது. நான் வகுப்புக்குப் போகாமல் பட்டறைக்குப் போனேன்.

ஆமாம், நான்தான் திருத்தினேன். என் முதல் கடிதத்தை அனுப்பிய மறுவாரம் மருமகள் அக்கா தைத்த முதல் மேல்துணி அலையலையாக வந்தது. அதை அவர் பிரித்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை, தன் தையல்தான் கோணல் என்று நினைத்தார். நான் அம்மாவின் அடுக்கை எடுத்து ஸ்கேலால் அளந்தேன். அடியில் இருந்தது சரி. மேலே போகப்போகப் பெரிது. நீங்கள் ஏன் வெட்டினீர்கள் என்று அப்போதே பாதி தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு வயதானதால் கை தளர்ந்திருக்கிறது, அவள் பெயர் கெடக் கூடாது என்று நினைத்தேன். கண் என்று தோன்றவே இல்லை. எவ்வளவோ படிக்கிறேன், இது தோன்றவில்லை.

இனி அன்று நடந்தது. அம்மா வெட்டு மேசையில் இருந்தாள். நான் கோடு எதுவும் போடாத ஒரு வெள்ளைத் துணியை அவள் முன்னால் வைத்தேன். "அம்மா, இதுல சாக்குக் கோடு போட்டிருக்கேன். சரியா இருக்கா பாரு" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

அம்மா துணியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். விரலால் மெதுவாகத் தடவினாள். "நல்லாத்தான் போட்டிருக்கே. இங்க கொஞ்சம் கனமா விழுந்திருக்கு" என்று ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். இந்த முறையும் காதுக்குப் பக்கத்தில்தான் பார்த்தாள்.

"கோடு இல்லையா?"

"இல்லம்மா."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"இன்னிக்குத்தான்."

"அவளுக்கு?"

"போன மழைக்காலத்துலேர்ந்து."

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்டிருக்காது. நான் திருத்திக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"மொதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "ஓரமெல்லாம் இருட்டா வந்துச்சு. டாக்டர்கிட்ட போகணும்னு நெனச்சு, உங்கிட்ட சொல்லலாம்னு ரெண்டு தடவை வாயெடுத்தேன். அப்புறம் ஒரு போர்வைகூடத் திரும்பலை. சரி, கை பழகிடுச்சு, கண்ணு இல்லேன்னாலும் வெட்டிக்கலாம், சமாளிச்சுட்டேன்னு நெனச்சேன். பெருமையாக்கூட இருந்துச்சு. எல்லாம் நீ வெட்டினதாடி?"

உண்மை மட்டும் எழுதுவதாகச் சொன்னேன். அப்போது என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் மேல்மாடிக்குப் போனோம். படிக்கட்டு குறுகல். கடைசிப் படி இருப்பதாக நினைத்து அம்மா ஒரு தடவை வெறும் காற்றில் காலை வைத்தாள். டாக்டரம்மா இருட்டு அறையில் வெகுநேரம் பார்த்தார். ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பக்கவாட்டில் நின்ற எனக்குப் புள்ளிகள் தெரிந்தன. பொத்தான் சத்தம் வராமல் எத்தனையோ புள்ளிகள் வந்து போயின.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொன்றுகொண்டே வருகிறதாம். வலது கண் முடிந்துவிட்டது. இடது கண்ணில் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கிறது, அதுவும் மங்கல். சொட்டு மருந்தும் அறுவையும் அந்த வட்டத்தைக் காப்பாற்றத்தான். போனது திரும்பாது. "ஒரு நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா" என்று டாக்டரம்மா தொடங்கினார். அம்மா உடனே, "அதைச் சொல்லாதீங்க, டாக்டர். குழந்தை பக்கத்துல நிக்குது" என்றாள்.

நாலஞ்சு மாதத்தை எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

சித்தி, நீங்கள் ஏன் ஜனவரியிலேயே எழுதவில்லை? உங்கள் கடிதத்தை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன் என்றுதானே? நான் தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா? நான் திருத்துவதை எழுதியிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்களா? இதற்குப் பதில் எழுதத்தான் வேண்டும் என்பதில்லை.

பண்டிதை


ஜூன் 25

கண்ணே,

உன் கடிதத்தைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். இரண்டு பேர் இடித்துக்கொண்டு போனார்கள்.

பதில் எழுத வேண்டும். உன் கொப்புளத்தைப் பற்றிப் படித்த அன்றைக்கே நான் பேருந்து ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. நான் எதிரே வந்து நின்று "உனக்குக் கண் தெரியவில்லை" என்று சொன்னால் அக்கா உடைந்துபோவாள் என்று பயந்தேன். எழுத்தில் சொன்னால் உன் வாயால் கேட்பாளே என்றும் பயந்தேன். கண்ணாடிக் கடை, விளக்கு, நூல் என்று சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நீ சின்னப் பெண், உனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தும் நான் சுற்றினேன். நாலஞ்சு மாதம் கணக்குப் போட்டால் அதை என் பெயரில் எழுதிக்கொள். உன் பெயரில் எழுதாதே.

இங்கே சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். வரலாமா என்று அக்காவைக் கேள். அவள் சொன்னதை அப்படியே எழுது. அறுவை எப்போது?

வேளைக்குச் சாப்பிடு. வகுப்பை விட்டுவிட்டுப் போகாதே.

சித்தி


ஜூலை 6

அன்புள்ள சித்திக்கு,

முடிவில் எழுத வேண்டிய வணக்கத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுத மனம் வராது. அம்மாவுக்குச் சொட்டு மருந்து நாலு வேளை விடுகிறேன். அறுவை பதினெட்டாம் தேதி. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் இருமலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்புடன், பண்டிதை.

வரலாமா என்று நீங்கள் கேட்டதைப் படித்தேன். அம்மா, "வர வேணாம்னு எழுது" என்றாள். எழுதத் தொடங்கினேன்.

"என்ன எழுதின?"

"வர வேணாம்னு."

"அப்படியேவா எழுதிட்ட?"

"அப்படியேதான்."

"அதைக் கிழிச்சுடு" என்றாள். கிழித்தேன். "அவ வந்தா எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவளைப் பாக்கறது. அவ மூஞ்சிதான் எனக்குத் தெரியுமா" என்றாள். "இதை எழுதாத" என்றும் சொன்னாள். இதில் எது உங்களுக்கான பதில் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

நேற்றுப் பட்டறையில் அம்மாவுக்குக் கடைசி நாள். முதலாளியம்மாவிடம் அவளே சொன்னாள். நாற்பது போர்வையும் திருத்தியவை என்பதையும் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். "உன் தங்கச்சியை நான் அன்னிக்குப் பேசியிருக்கக் கூடாது" என்றார் முதலாளியம்மா. "நானும்தான்" என்றாள் அம்மா. மடித்துக் கட்டும் வேலை இருக்கிறது, உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று முதலாளியம்மா சொன்னார். அறுவை முடியட்டும் என்றாள். பொத்தான் அக்கா ஒன்றும் சொல்லாமல் என் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய் நின்றார்.

எல்லாரும் போன பிறகு அம்மா வெட்டு மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நான் அவளைச் சுவரோரம் கூட்டிப்போகக் கை நீட்டினேன். "எனக்கு வழி தெரியும்" என்றாள். தினமும் மூடும்போது விளக்குகளை அணைப்பது அவள் வேலைதான். மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் எதன்மேலும் படாமல் நடந்து ஸ்விட்ச் பலகைக்குப் போனாள்.

ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. முதலில் மிஷின்களுக்கு மேலே இருப்பதை அணைத்தாள். பிறகு இஸ்திரி மேசை. பிறகு அலமாரிப் பக்கம். கடைசியாக வெட்டு மேசை விளக்கு. ஸ்விட்சின்மேல் விரலை எடுக்காமல் நின்றாள்.

"எல்லாம் அணைஞ்சுடுச்சா, பாரு" என்று கேட்டாள்.

பார்த்தேன். எல்லா விளக்குகளும் அணைந்திருந்தன. அணைந்துவிட்டது என்று சொன்னேன்.